அறுபத்து நாலு வீடும் ஒரு முறமும்

— ஒயர்லேர்ந்து கையை எடுங்க டிக் பகாஸ். எடுங்கன்னேன்! புடுங்கினீங்கன்னா இந்தத் துணி வெட்டுற கத்திரி சும்மா இருக்காது.

— ஐயோ இபு சுலாஸ்மி, முதல்ல கத்திரியைக் கீழ வைங்க. நான் என்ன திருடவா வந்தேன்? வார்டு ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ். ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய், உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சு, சுத்தமாக் கழுவி, புதுசா ஆன்டிவைரஸ் போட்டுத் தர்றேன். இலவசம். ஒரே ஒரு நாள்.

— அந்த ஒரு நாள் இன்னைக்கா பாத்து வரணும்? நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டம். இந்தக் கரங்வுங்கு ஆத்தங்கரைல யாரு யாரு எத்தனை வருஷமா இருக்காங்கன்னு ஆதாரம் காட்டுங்க, இல்லைன்னா காலி பண்ணுங்கன்னு உங்க வார்டு தலைவர் பாக் லுரா சொல்லப் போறாரு. அறுபத்து நாலு வீட்டு வரி ரசீது, கரண்ட் பில்லு, எல்லாத்தோட படமும் இதுக்குள்ளதான் இருக்கு. இதை நீங்க கழுவித் தர்றேங்குறீங்க.

— நான் சொன்னாக் கேளுங்க இபு. அந்தப் படமெல்லாம் ஏற்கெனவே போச்சு. நீங்களே சொன்னீங்களே, செவ்வாக்கிழமைலேர்ந்து ஒரு ஃபோல்டரைக் காணோம்னு.

— காணோம்னு சொன்னேன். போச்சுன்னு சொன்னேனா?

— சுலாஸ், டீ எங்க வைக்கட்டும்? தம்பி, டீயை எடுத்துக்க. அட விடு சுலாஸ், காலங்காத்தால எதுக்கு வம்பு? ஆபீஸ்காரங்க கேக்குறாங்க, குடுத்துருவோம்.

— வாங்க பாக்னே, வாங்க. உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். அந்தப் படத்தையெல்லாம் ஒரு சிடில போட்டுத் தனியா வச்சிருந்தேனே, அதை என்ன பண்ணீங்கன்னு டிக் பகாஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க.

— அது... கொய்யா மரத்துல கட்டிட்டேன்பா. வவ்வால் தொல்லை தாங்க முடியல. பளபளன்னு ஆடிச்சுன்னா வராதாம். நான் பாட்டு சிடின்னு நெனச்சேன்.

— கேட்டீங்களா? அறுபத்து நாலு குடும்பம் இங்க குடியிருக்கிற உரிமை மூணு மாசமா மழைலயும் வெயில்லயும் வவ்வால் ஓட்டிட்டு இருந்திருக்கு. காகிதம் எல்லாம் போன வெள்ளத்துல கஞ்சியாப் போச்சு. கட்டின புருஷன் சிடியை மரத்துல ஏத்திட்டாரு. மிச்சம் இந்தப் பொட்டிதான். இதை நான் விடுவேனா?

— ஆனா வவ்வால் வரல சுலாஸ். அதையும் சொல்லணும்ல.

— பாக் கர்தி, நீங்களாவது உங்க சம்சாரத்துக்கு எடுத்துச் சொல்லுங்க. வார்டு முழுக்க எல்லாருக்கும் ஆபீஸ் இலவசமாத் தர்ற காவல் இது. வாசல் தேடி வர்ற நல்லதை யாராவது வேணாம்பாங்களா?

— வெறும் வீட்டுக்கு என்ன காவல் டிக்? வீட்ல இருக்கிறதெல்லாம் அள்ளி வெளிய கொட்டிட்டு, இனிமே திருடன் வர மாட்டான், நிம்மதியாத் தூங்குங்கன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு.

— முறை அதுதான் இபு. அழிச்சிட்டுத்தான் போடணும். மேலிடத்து உத்தரவு.

— இந்த நோயே உங்க மேலிடத்துலேர்ந்துதானே வந்துச்சு! செவ்வாக்கிழமை கூட்டத்துக்கான படிவம்னு சொல்லி நீங்கதான பென் டிரைவைக் கொண்டுவந்து சொருகினீங்க? அன்னிக்குச் சாயங்காலம் திறந்தா, திரை நடுவுல செவப்பா எழுத்து. 'வுலான், ஒரு தடவை திரும்பிப் பாரு. நான் இன்னும் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்.' எனக்கு உயிரே போயிருச்சு. இந்த மனுஷனுக்குத்தான் எவளோ எழுதிட்டாளோன்னு பாத்தேன்.

— எனக்கு யாரு எழுதுவா? கையெல்லாம் பஞ்சர் ஒட்டுற பசை.

— சும்மா இருங்க பாக்னே. டிக், உண்மையைச் சொல்லுங்க. உங்க ஆபீஸ்லயும் அந்த வுலான் வந்தாளா இல்லையா?

— ...வந்தா.

— எப்போலேர்ந்து?

— மூணு வாரமா வர்றா. எல்லா மேசைலயும் வந்துட்டா. பாக் லுரா சம்சாரம் ஒரு நாள் ஆபீசுக்கு வந்து திரையைப் பாத்துட்டு, யாரு அந்த வுலான்னு ஒரே ரகளை.

— ஆக, உங்க வீட்டு வைரஸை விரட்டத் துப்பில்லாத ஆன்டிவைரஸை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கீங்க. இலவசமா. ரொம்ப நன்றி.

— இபு, நான் கம்ப்யூட்டர் படிச்சவன். நீங்க...

— தையக்காரி. சொல்லுங்க, அதுக்கு என்ன? இந்தக் கம்ப்யூட்டர் எப்படி வந்துச்சு தெரியுமா? நம்ம தெருப் பொம்பளைங்க வருஷா வருஷம் சட்டி பானைக்குச் சீட்டுப் போடுவோம். ஒரு வருஷம் எல்லாரும் சட்டி வேணாம்னு சொல்லி இதையும் அந்தப் பிரிண்டரையும் வாங்கினோம். இது எங்க வீட்ல இருக்கே தவிர, அறுபத்து நாலு அடுப்படியோட சொத்து. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரு ரவிக்கை கூடத் தைக்கல. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருக்கிற நெட் கடைலதான் உக்காந்திருந்தேன். இலவசமா என்னென்ன கிடைக்குதோ எல்லாத்தையும் விசாரிச்சு இந்த அளவு நோட்டுல எழுதிட்டு வந்தேன். பாருங்க.

— 'இடுப்பு முப்பத்தாறு, கை பதினேழு...'

— அடுத்த பக்கம்!

— 'வெளிநாட்டு ஒண்ணு. பேரு பெத்த பேரு. தினம் நெட் வேணும்.' இது நல்லதாச்சே இபு. உலகம் பூரா இதைத்தான் போடுறாங்க.

— உலகம் பூரா நெட் இருக்கு. எங்க வீட்ல கரண்ட்டே பாதி நாள் இல்ல. போட்டுப் பாத்தேன். பொட்டி மாடு படுத்த மாதிரி படுத்துருச்சு. ஒரு எழுத்தை அடிச்சா அது திரைக்கு வர்றதுக்குள்ள நான் ஒரு பித்தான் தச்சிடலாம். சரி, மெதுவா செஞ்சாலும் வேலையைச் செய்யுமான்னு காத்திருந்தேன். நாலு மணி நேரம் தேடிட்டு, எல்லாம் நல்லாயிருக்கு, ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது. அதே நேரத்துல வுலான் நடுத்திரைல நிக்கிறா!

— அது வெளிநாட்டுல செஞ்சது. நம்ம ஊரு வைரஸ் அதுக்குத் தெரியாது.

— அதைத்தான் நானும் சொல்றேன். அடுத்ததைப் படிங்க.

— 'தானா வந்து கூவினது. நானூத்திப் பன்னெண்டு வைரஸ். பாக்னே அமுக்கப் பாத்தார்.' இது என்னது?

— நெட் கடைத் திரைல நான் சும்மா இருக்கும்போது குதிச்சு வந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல நானூத்திப் பன்னெண்டு வைரஸ், இலவசமா ஒழிச்சுத் தர்றேன், இங்க அமுக்குன்னு. எனக்குச் சாப்பாடு கொண்டாந்த மனுஷன் பதறிப் போய் விரலை நீட்டிட்டாரு.

— நானூத்திப் பன்னெண்டுன்னா பயமா இருக்காதா? கரெக்டா எண்ணி வேற வச்சிருக்கான்.

— வீட்டுக்குள்ளயே வராதவன் எப்படி எண்ணினான் பாக்னே? தெருவுல போறவன் உங்க வயித்துல நானூத்திப் பன்னெண்டு பூச்சி இருக்குன்னா மருந்து வாங்கிக் குடிப்பீங்களா? கையை ஒரு தட்டுத் தட்டினேன்.

— பலமாவே தட்டினா தம்பி. டயர் மாட்டுற கை, ரெண்டு நாளு வலி.

— மூணாவதைப் படிங்க டிக்.

— 'தம்பா.' தம்பாவா? அரிசி புடைக்கிற முறமா?

— அதேதான். ஒரு முறம் படம் போட்டிருக்கு. வேலை செய்யும்போது அந்த முறம் திரை ஓரத்துல குலுங்கும். நெட் கடைல ஒரு பொண்ணு தந்துச்சு. சின்னது, ஒரு நிமிஷத்துல ஏறிடுச்சு. நெட்டும் கேக்கல.

— இபு! இது தொழிற்பள்ளிக்கூடத்துப் பசங்க செஞ்சது. ஸ்கூல் பசங்க! இதை நம்பியா...

— வுலானுக்குக் கடுதாசி எழுதினவன் யாரு? பெரிய பேராசிரியரா? அவனும் எங்கயோ ஒரு ஸ்கூல் பையன்தான். காதல் தோத்துப் போச்சுன்னு என் அறுபத்து நாலு வீட்டை ஒளிச்சு வச்சிட்டான். ஸ்கூல் பையன் ஒளிச்சா ஸ்கூல் பசங்களுக்குத்தான் எங்கன்னு தெரியும்.

— ஒளிச்சு வச்சிருக்கான்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— பொட்டியே சொல்லுச்சு. ஃபோல்டர் இல்லைங்குது, ஆனா இடம் மட்டும் குறையவே இல்ல. காணாமப் போன சாமான் எப்படி இடத்தை அடைக்கும்? பாக்னே வீட்ல இல்லைன்னாலும் குறட்டை கேக்குதுன்னா, கட்டிலுக்கு அடியில இருக்காருன்னுதானே அர்த்தம். படிச்சவங்க நீங்க, அதை அழிச்சிரலாம்னு வந்து நிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியும், இல்ல?

— மறைக்கிறது தெரியும். பாக் லுராவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியாம வைக்கலாம்னு. அன்னிலேர்ந்து அந்த மனுஷன் எதை எடுத்தாலும் மறைச்சு வைக்கிறாரு. லீவு லெட்டரைக் கூட. பூட்டு போட்ட மாதிரின்னு நெனைச்சுக்கிறாரு. ஆனா இந்த வைரஸ் அதையேதான் பண்ணுதுன்னு நான் யோசிக்கல இபு. சத்தியமா.

— சரி, நம்புறேன். இப்ப ஓரத்துல பாருங்க. முறம் குலுங்குதா?

— குலுங்குது... எப்பலேர்ந்து ஓடுது இது?

— நீங்க செருப்பைக் கழட்டும்போதே போட்டுட்டேன். எழுபத்தெட்டுல நிக்குது. நூறு வர்ற வரைக்கும் உங்களைப் பேச்சுல நிறுத்தணும்னுதான் கத்திரியை எடுத்தேன். மென்டோவான் பஜ்ஜி சூடா இருக்கு, சாப்பிடுங்க.

— இபு, என்னை நீங்க சங்கடத்துல விடுறீங்க. வெறுங்கையோட போனா பாக் லுரா என்னை உரிச்சிருவாரு. நான் சொன்னாக் கேளுங்க. எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? ஆத்தங்கரைல என்ன இருக்கு? வருஷா வருஷம் வெள்ளம். அங்க அடுக்குமாடி கட்டிட்டிருக்காங்க. அஞ்சாவது மாடி. காத்து பிச்சுக்கிட்டு வரும்.

— அஞ்சாவது மாடியா? தம்பி, கொஞ்சம் இரு. அஞ்சாவது மாடிக்கு மோட்டார் சைக்கிளைத் தூக்கிட்டு வந்து யாரு பஞ்சர் ஒட்டச் சொல்வான்?

— அது... கீழ எங்கயாவது...

— கீழ எங்க? எழுதிக் குடுத்திருக்காங்களா? முப்பத்தோரு வருஷம் அந்தப் புளியமரத்தடில காத்து அடிச்சிருக்கேன்பா. உங்க அப்பா சைக்கிளுக்கு நான்தான் டியூப் மாத்தினேன். சுலாஸ், அந்தத் தட்டை எடு. இவனுக்கு மென்டோவான் குடுக்காதே.

— அப்படிப் போடுங்க பாக்னே! இப்பதான் எங்கேயோ போயிருந்த என் புருஷன் வீட்டுக்கு வந்திருக்காரு.

— வம்பு வேணாம்னுதான் பாத்தேன். ஆனா அஞ்சாவது மாடின்னு சொன்னா எப்படி?

— டிக் பகாஸ், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்து தம்பின்னுதான் கூப்பிட்டிருக்கேன், டிக் டிக்குன்னு. நீங்க இந்தத் தெருவுலதான் பட்டம் விட்டீங்க. உங்க அம்மா இபு வஹ்யுனி பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் கீரைல கடலையை இடிச்சுப் போட்டுப் பெசெல் விக்கிறாங்க. அவங்க வீடும் இதே ஆத்தங்கரைதான். அதை மட்டும் ஏன் இடிக்கப் போறதில்ல?

— கோடு பாலத்தோட நின்னுருது இபு. அளந்தது அப்படி.

— அளந்தது அப்படியா, இல்ல பாக் லுரா உங்க காதுல சொன்னது அப்படியா?

— ...சொன்னாரு. பாலத்துக்கு மேற்குல கை வைக்க மாட்டேன், நீ வேலையை ஒழுங்காப் பாருன்னாரு. நான் வேற என்ன பண்றது இபு? அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. அந்த உரலை விட்டு வர மாட்டேங்கிறாங்க. உங்களுக்கு அறுபத்து நாலு வீடு. எனக்கு ஒரு வீடு.

— அதுக்காக எங்க அடுப்பை அணைச்சு உங்க அம்மா அடுப்பை எரிய விடலாம்னு பாத்தீங்க. சொல்லும்போதே கண்ணு கலங்குதே, செய்யும்போது கலங்கலையா?

— விடு சுலாஸ். பெத்தவளுக்குன்னு வந்தா யாரும் அப்படித்தான்.

— விட மாட்டேன். நான்... பாக்னே! பாருங்க! நூறு!

— என்ன எழுதியிருக்கு? என் கண்ணாடி எங்க?

— 'வைரஸ் ஒன்று, ஒழிக்கப்பட்டது. மறைக்கப்பட்ட ஃபோல்டர் ஒன்று, திரும்பக் காட்டப்பட்டது.' வந்துருச்சு! வந்துருச்சு பாக்னே! 'ஆத்தங்கரை வீடுகள்'. திறங்க டிக், சீக்கிரம். ஒண்ணாம் நம்பர் பாக் சாமின்... ரெண்டு, இபு தாரி... எண்ணுங்க, எண்ணுங்க!

— அறுபத்து நாலு இபு. ஒண்ணு கூடக் குறையல.

— ஸ்கூல் பசங்க! ஸ்கூல் பசங்கன்னு சொன்னீங்களே! அந்தப் பசங்க எந்த ஊர்ல இருந்தாலும் ஆளுக்கு ஒரு சட்டை தச்சு அனுப்பப் போறேன். இபு தாரி நேத்து ராத்திரி பூரா அழுதா. ஐயோ, நான் இப்ப அழுறேனே.

— அழு சுலாஸ், அழு. தம்பி, நீயும் ஒரு மென்டோவான் எடுத்துக்க. பரவாயில்ல.

— அப்ப நான் கிளம்புறேன் இபு. பாக் லுராகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல.

— வெறுங்கையோட எதுக்குப் போறீங்க? இதை ஒரு பிரதி எடுத்துட்டுப் போங்க. அறுபத்து நாலும். அவருகிட்டயே குடுங்க. நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னாடியே நல்லாப் பாத்துக்கட்டும். ஒளிச்சு வைக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

— நெஜமாவா சொல்றீங்க?

— சொருகுங்க உங்க பென் டிரைவை. என் முறம் இருக்கு, எனக்கு என்ன பயம்? இது உங்களுதா?

— என்னுது எங்க இருக்கு? இது பாக் லுராவோடது. கழுத்துல மாலை மாதிரி போட்டுட்டுத் திரிவாரு. ஆன்டிவைரஸ் இதுலதான் இருக்கு, பொட்டியைத் தரலைன்னா அங்கயே அழிச்சுப் போட்டுட்டு உடனே கொண்டாந்துருன்னு குடுத்தாரு. இருங்க... சொருகிட்டேன். அது என்ன, முறம் திரும்பவும் குலுங்குது?

— புதுசா யாரு வாசல்ல வந்தாலும் அது புடைச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடும். அதான் அதுல எனக்குப் பிடிச்சதே. ஆங், முடிஞ்சிருச்சு. 'வைரஸ் ஒன்று, ஒழிக்கப்பட்டது.' பாத்தீங்களா, வுலான் உங்க தலைவர் கழுத்துலதான் தொங்கிட்டு இருந்திருக்கா. 'மறைக்கப்பட்ட ஃபோல்டர் ஒன்று, திரும்பக் காட்டப்பட்டது.' இது என்ன புதுசா ஒண்ணு வந்திருக்கு?

— இபு, அதைத் தொடாதீங்க. அது பாக் லுரா மறைச்சு வச்சதா இருக்கும். வைரஸ் மறைச்சது எது, மனுஷன் மறைச்சது எதுன்னு உங்க முறத்துக்குத் தெரியல. நான் கழட்டிடுறேன்.

— சும்மா புடுங்காதீங்க! பேரைப் படிங்க முதல்ல. 'கரங்வுங்கு ஆத்தங்கரை, காலி செய்தல், இறுதி.' இறுதியா? நாளைக்குத்தானே எங்க கருத்தையே கேக்கப் போறாங்க?

— சுலாஸ், கத்திரியை எடுக்கட்டுமா?

— வேணாம் பாக்னே. அவரே திறப்பாரு. திறங்க டிக். நானும் உங்களை நம்பினேன்ல, நீங்க இதைத் திறங்க.

— ...திறந்துட்டேன்.

— கையெழுத்து எந்தத் தேதி?

— மூணு வாரத்துக்கு முந்தின தேதி. கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கு. நாளைக்குக் கூட்டம் சும்மா கண்துடைப்பு இபு. எனக்கு இது தெரியாது. என்னை நம்புங்க, இப்பதான் பாக்குறேன்.

— பாவிப் பய! நாங்க ரசீதைத் தேடி ராப்பகலா அழுதுகிட்டு இருக்கோம், இவன் முத்திரை குத்தி கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிறான். கீழ பட்டியல் இருக்கா? எங்க பேரெல்லாம் இருக்கா?

— இருக்கு. வரிசையா இருக்கு. சாமின், தாரி, கர்தி... மொத்தம் அறுபத்தஞ்சு வீடு.

— தப்பு. அறுபத்து நாலு. நான் வீடு வீடாப் போய்ப் படம் எடுத்தவ, எனக்குத் தெரியாதா?

— அறுபத்தஞ்சுன்னுதான் போட்டிருக்கு இபு.

— அப்ப கடைசிப் பேரு யாரு? படிங்க. டிக்? ஏன் கையால திரையை மறைக்கிறீங்க? நகருங்க, நான் படிக்கிறேன். 'அறுபத்தஞ்சு. வஹ்யுனி. பாலத்துக்கு மேற்கு. பெசெல் கடையும் வீடும்'... ஐயோ.

— எங்க அம்மா வீட்டை இடிக்கிற உத்தரவை என் கையிலயே குடுத்து அனுப்பியிருக்காரு. மூணு வாரமா என்கிட்ட டீ வாங்கிக் குடிச்சாரு இபு. அம்மா சமையல் எப்படி இருக்கு, மதியத்துக்கு ஒரு பொட்டலம் கொண்டு வாடான்னு கேட்டாரு.

— தம்பி, உன் பையில ஃபோன் அடிக்குது. தம்பி... திரைல பாக் லுரான்னு வருதுப்பா.

— எடுக்காதீங்க டிக். முதல்ல உக்காருங்க.

— இல்ல இபு, எடுக்குறேன். நீங்க ரெண்டு பேரும் பேசாம இருங்க... ஹலோ. ஆமா பாக். இங்கதான் இருக்கேன். முடிஞ்சிருச்சு பாக், எல்லாத்தையும் அழிச்சாச்சு. சுத்தமா. அவங்க கையில ஒரு துண்டு காகிதம் கூட இல்ல. அழுதுகிட்டு உக்காந்திருக்காங்க. உங்க பென் டிரைவா? பத்திரமா இருக்கு பாக், என் கையிலதான் இருக்கு. சரி பாக். நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டத்துல பாக்கலாம்... இபு, பிரிண்டரைப் போடுங்க. இந்த உத்தரவு, அறுபத்தஞ்சு பிரதி.